ரோட்டாக்ஸ் மைக்ரோ மேக்ஸ் கார்ட்: எஞ்சின் புதுசு, சேஸிஸ் பழசு

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயத்துக்குச் சென்னை தயாராகிக்கொண்டிருந்தபோது, இத்தாலியின் மான்சாவில் ஃபார்முலா 1-இன் மெர்சிடிஸ் அணி, அடுத்த ஆண்டுக்கான ஓட்டுநராகக் கிமி அன்டோனெல்லியின் பெயரை அறிவித்தது. ஹாமில்டன் விட்டுப்போகும் இடம், பையனுக்கோ 18 முடிந்து ஆறே நாள். முந்தைய நாள்தான் பயிற்சி ஓட்டத்தில் காரைத் தடுப்பில் மோதியிருந்தார். அடுத்த மார்ச்சில் மெல்போர்ன் மழையில் நான்காவதாக வந்தார்.

இப்படிப்பட்ட ஓட்டுநர்கள் சிறுவயதில் தொடங்குவது கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியில்தான். அதனால் இப்படி ஒரு செய்தி வந்தால், “நம்ம பிள்ளைக்கு எந்த கார்ட் வாங்கலாம்?” என்ற கேள்வியும் கூடவே வரும். எட்டு வயதில் போட்டிக்கு இறங்குகிற பிள்ளைக்கு எங்கள் பதில் ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் எஞ்சினில் ஓடும் சிறுவர் பிரிவான மைக்ரோ மேக்ஸ். ஆனால் எஞ்சினைப் புதிதாகவும், சேஸிஸை, அதாவது வண்டியின் குழாய்ச் சட்டத்தை, பழையதாகவும் வாங்குங்கள்.

எஞ்சின் 125 சிசி டூ-ஸ்ட்ரோக். தண்ணீரில் குளிரும், செல்ஃப் ஸ்டார்ட், கியர் கிடையாது, எஞ்சின் வேகம் ஏறியதும் தானே பிடித்துக்கொள்ளும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். ரெஸ்ட்ரிக்டர் போட்டு 8 குதிரைத்திறனுக்கு அடக்கியிருக்கிறார்கள். இதே எஞ்சின் அடுத்தடுத்த வயதுப் பிரிவுகளான மினியில் 15, ஜூனியரில் 23 வரை போகும். அதற்கு மாற்ற வேண்டியது துணைப் பாகங்கள்தான். 30 குதிரைத்திறன் சீனியருக்குப் போகும்போது பவர் வால்வு (புகை வெளியேறும் துளையை வேகத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உள்ள சிலிண்டர் வேண்டும். ஆக, இன்று போடும் பணம் பல வருடம் கூட வரும். எஞ்சினில் உள்ள சீல் எண்ணும் அதற்கான அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். சீலை உடைத்துத் திறக்கும் உரிமை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு மட்டும்தான். தெரிந்த மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டால், பரிசோதனை மேசையிலேயே பிள்ளையின் போட்டி முடிந்துவிடும்.

சேஸிஸ் கதை வேறு. சின்னப் பிள்ளைகளுக்கான குழாய்ச் சட்டத்தின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 950 மி.மீ. ஜூனியருக்கு முழு அளவுச் சட்டம் வேண்டும் என்பதால் இதை எப்படியும் விற்கத்தான் போகிறீர்கள். பழசு வாங்கும்போது கவிழ்த்துப் போட்டு அடிக்குழாய்களைப் பாருங்கள். கெர்ப் எனும் தடத்தோர மேட்டின் மேல் ஏறி ஏறி உருண்டைக் குழாய் தட்டையாகத் தேய்ந்திருந்தால் வேண்டாம். சீட் தாங்கியின் அடியிலும் ஸ்டியரிங் பக்கமும் வெல்டிங்கில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலைச் சுற்றிவிடுங்கள். பிரேக் டிஸ்க் ஆடினால் ஆக்ஸில் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். கார்ட்டில் சஸ்பென்ஷனும் இல்லை, இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலும் இல்லை. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். அதைத் தூக்க வைப்பதில் சட்டத்தின் நெகிழ்வுக்குப் பெரிய பங்கு உண்டு. நெகிழ்வு செத்துப்போன சட்டத்தில் வண்டி நேராகவே இழுக்கும். 8 குதிரைத்திறனில் அப்படி விட்ட வேகத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது.

வளர்கிற பிள்ளை என்று சீருடையை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கும் பழக்கம் சீட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஆகாது. தளர்ந்த சீட்டில் அடி வாங்குவது விலா எலும்பு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ-வின் 8870-2018 முத்திரை உள்ள விலாக் கவசமும், சிறுவர்களுக்கென்றே எடை குறைத்துச் செய்த ஸ்னெல்-எஃப்.ஐ.ஏ சி.எம்.ஆர் 2016 தர முத்திரை உள்ள ஹெல்மெட்டும் வாங்குங்கள். பைக் ஹெல்மெட் இதற்கு உதவாது.

இனி சென்னைக்கே உரிய தொல்லைகள். வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும், அதனால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட் சின்னதாக வேண்டும். பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் இருக்கும் எத்தனாலோ பெரிய ஜெட் கேட்கும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் ஐரோப்பிய ஜெட் அட்டவணையை அப்படியே நம்ப முடியாது. ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் மாற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிறி இருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கறுத்து ஈரமாக இருந்தால் அதிகம். சந்தேகமென்றால் பெரிய ஜெட்டே போடுங்கள், பிஸ்டனை விட அது மலிவு. கலவை 5 லிட்டருக்கு 100 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில். எத்தனால் நம்மூர் ஈரக்காற்றை உறிஞ்சும் என்பதால் மிஞ்சியதை அடுத்த வாரத்துக்கு வைக்காதீர்கள், கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள்.

தண்ணீர் வெப்பம் 50-60 டிகிரியில் நின்றால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால் முதலில் ரேடியேட்டர் இடுக்கில் ரப்பர்த் தூளும் புல்லும் அடைத்திருக்கிறதா, பிறகு குழாயில் காற்று நிற்கிறதா என்று பாருங்கள். காற்றைத் தடுக்க ரேடியேட்டரில் ஒட்டும் டேப் குளிர்நாட்டுச் சமாச்சாரம்.

டயர் பிரஷரை 10 பி.எஸ்.ஐ சுற்றித் தொடங்கி, சித்திரை மதியத்தில் ஒன்று குறைத்துப் பாருங்கள். அளப்பது நிழலில்தான். ஒரு பக்கம் வெயில்பட நிறுத்தி அளந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகக் காட்டும். அதைக் குறைத்துவிட்டுத் தடத்தில் இறங்கினால் ஏன் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி திரும்புகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிளட்ச் கெடுவது பெரும்பாலும் காலால். வலது கால் ஆக்சிலரேட்டர், இடது கால் பிரேக். பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து மிதிப்பார்கள். சுழன்று நின்ற பிறகும் ஆக்சிலரேட்டரை விட மாட்டார்கள். கிளட்ச் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள்.

“8 குதிரைத்திறன் போதாது, சீக்கிரம் மினிக்குப் போகலாமா?” என்றால், வேண்டாம். சறுக்கினால் வேகம் போகும் என்பதை இந்தப் பிரிவு போல வேறெதுவும் கற்றுத்தராது. இருங்காட்டுக்கோட்டையில் 2023-இல் திறந்த, 1.2 கி.மீ. அளவிலான கார்ட்டிங் தடத்தில் இது பளிச்சென்று தெரியும். அவசரப்பட்டும் பயனில்லை: வெர்ஸ்டாப்பன் 2015-இல் 17 வயதில் ஃபார்முலா 1-க்கு வந்த பிறகு, அதை ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்குக் குறைந்தது 18 வயது, மூன்று வருடத்தில் மற்ற பந்தயங்களில் 40 புள்ளிகள் என்று விதி வந்துவிட்டது. 17 வயதுக்காரருக்கு விலக்கு தர 2024-இல் வழி செய்தாலும் அது அபூர்வத் திறமைக்குத்தான்.

கார்ட்டுக்கே கையிருப்பு முழுவதும் போய்விடும் என்றால் வாங்காதீர்கள். கூடுதலாக ஒரு செட் டயர், இரண்டு டை ராட் (ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), ஒரு ஆக்ஸில், செயின், பிரேக் பேடுகளுக்குப் பணம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வருடம் வாடகை கார்ட்டே ஓட்டட்டும்.