வீல்சேரா, ஸ்கூட்டரா? டிஸ்னி வரிசைகளில் அத்தையோடு நான்கு நாள்

அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பத்துப் படி ஏறினால் உட்கார இடம் தேடுவார். அவரை ஆர்லாண்டோ டிஸ்னிக்குக் கூட்டிப்போவதென்றால், டிக்கெட்டுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது அவரை எதில் உட்கார வைப்பது என்பதுதான். தள்ளுகிற சாதா வீல்சேரா, நடக்க முடியாதவர்களுக்கென்றே இருக்கும், அவரே உட்கார்ந்து ஓட்டிப்போகும் சின்ன மின்சார ஸ்கூட்டரா? கடைசியில் இரண்டையும் பார்த்துவிட்டோம். முதல் நாள் வாடகை ஸ்கூட்டர். மீதி மூன்று நாளும் அட்லாண்டாவிலிருந்து கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போன எங்கள் பழைய வீல்சேர். அடுத்த தடவையும் வீல்சேர்தான். அதற்குப் பெரிய காரணம் வரிசை.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். டிஸ்னி பூங்காவுக்குள் வீல்சேர் வாடகை நாங்கள் போனபோது நாளுக்கு 12 டாலர். ஸ்கூட்டருக்கு அதைப்போலப் பல மடங்கு. முன்பதிவும் கிடையாது, முதலில் வருபவருக்கு முதலில். ஹோட்டலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வெளி வாடகைக் கடைகளில் வாரக் கணக்கில் எடுத்தால் செலவு குறையும். சொந்த வீல்சேர் இருந்தால் செலவே இல்லை. டிஸ்னி பஸ்களில் சாய்தளம் இருப்பதால் ஏற்றி இறக்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. காரில்தான் ஸ்கூட்டரைப் பிரித்து மாட்ட வேண்டும், பாட்டரி கனம் இடுப்பைப் பிடிக்கும்.

ஸ்கூட்டரின் நல்லதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் எப்காட், டிஸ்னியின் பூங்காக்களில் ஒன்று. அங்கே ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள். ஒரு சுற்று கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். "நம்ம ஊர்ல டிவிஎஸ் ஃபிஃப்டிகூட ஓட்டினதில்லம்மா" என்று பயந்துகொண்டே ஏறிய அத்தை, மெக்சிகோ தாண்டி நார்வே வருவதற்குள் எங்களை முந்திவிட்டார். நினைத்த இடத்தில் நிறுத்தினார், நினைத்த கடைக்குள் எட்டிப் பார்த்தார். வீல்சேரில் அது கிடையாது. தள்ளுகிறவர் எங்கே திரும்புகிறாரோ அங்கேதான் பார்வையும் திரும்பும். திறந்த வெளியில் ஸ்கூட்டருக்கு நிகரில்லை.

ஆனால் தீம் பார்க்கில் பாதி நாள் வரிசையில்தான் போகிறது.

ஊரில் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "வீல்சேர் இருந்தா க்யூவே கிடையாதாமே?" கோயிலில் சிறப்பு தரிசன வழி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் ஓரளவு அப்படித்தான் இருந்தது. உதவி அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பல ரைடுகளில் பக்கவாட்டு வழியாகச் சீக்கிரமே ஏறிவிடலாம். வரிசையைத் தவிர்ப்பதற்காகவே பணக்காரர்கள் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு வழிகாட்டியாக அழைத்துப்போகிறார்கள் என்று 2013இல் செய்தி வந்தது. அந்த அக்டோபரிலேயே பழைய அட்டையை எடுத்துவிட்டு டிசபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ் என்ற முறையை டிஸ்னி கொண்டுவந்தது: வரிசையில் நிற்காமல், திரும்பி வர ஒரு நேரம் வாங்கிக்கொள்ளலாம். 2024இல் அதையும் இறுக்கினார்கள். இப்போது அது ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கானது. முழங்கால் வலிக்கு அது கிடைக்காது. வரிசைகளில் பெரும்பாலானவை சக்கரம் போகிற அகலத்தில் இருப்பதால் எல்லோரோடும் சேர்ந்தே போகலாம் என்பது அவர்கள் கணக்கு. படியோ குறுகலோ இருக்கிற பழைய ரைடுகளில் தனி வாசல் உண்டு. ஆனால் அங்கேயும் வரிசையின் காத்திருப்பை ஒட்டி ஒரு நேரம் குறித்துக் கொடுத்து அப்புறம் வரச் சொல்வார்கள். பக்கத்திலிருக்கும் இன்னொரு தீம் பார்க்கான யூனிவர்சலிலும் வீல்சேர் மட்டும் இருந்தால் பொது வரிசைதான். எனக்கு இதில் குறையில்லை. உட்கார்ந்திருப்பவருக்குக் காத்திருப்பது அவ்வளவு கஷ்டமில்லை, உட்கார்ந்திருப்பது சரியான இருக்கையாக இருந்தால்.

சிக்கலே அந்த இருக்கைதான். ஸ்கூட்டரோடு வரிசையில் நின்று பாருங்கள். கம்பித் தடுப்புக்குள் வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். ஒரு மீட்டர் நகரும், நிற்கும். இரண்டு நிமிடம் கழித்து அரை மீட்டர். ஹேண்டிலில் இருக்கும் நெம்புகோலை மெல்ல அழுத்தினால் வண்டி அசையாது, கொஞ்சம் கூட அழுத்தினால் துள்ளும். அத்தை துள்ளியதில் முன்னால் நின்றவரின் குதிகாலில் இடித்துவிட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பரவாயில்லை என்றார், அத்தைக்குத்தான் முகம் செத்துப்போனது. வளைவுகளில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய்த்தான் திருப்ப முடிந்தது. பின்னே வரும்போதெல்லாம் அது பீப் பீப் என்று ஊரைக் கூட்டியது. முக்கால் மணி நேரத்தில் கட்டைவிரல் வலிக்கிறது என்றார். அதே மாதிரி வளைவில் வீல்சேரை என் கணவர் முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பின்சக்கரத்திலேயே சுற்றித் திருப்பிவிட்டார்.

அதைவிடப் பெரிய விஷயம் ரைடில் ஏறும் இடம். ரைடுகள் மூன்று விதம். சிலவற்றில், முக்கியமாக அரங்கக் காட்சிகளில், எதில் வந்தாலும் அதிலேயே இருக்கலாம். ஸ்பேஸ் மவுண்டன், ஹாண்டட் மேன்ஷன் போன்றவற்றில் எதில் வந்தாலும் இறங்கி ரைடின் இருக்கைக்கு மாற வேண்டும். ஊழியர்கள் தூக்கிவிட மாட்டார்கள், கூட வந்தவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வகைதான் எங்கள் முடிவை மாற்றியது. ஜங்கிள் க்ரூஸ் படகு, அனிமல் கிங்டம் பூங்காவின் சஃபாரி வண்டி, எப்காட்டில் பசுமைக்குடில்களுக்குள் போகும் படகு எல்லாம் இந்த வகை. வீல்சேரோடு அப்படியே ஏறலாம், ஸ்கூட்டரோடு முடியாது. ஸ்கூட்டரை விட்டுவிட்டுச் சாதா வீல்சேருக்கு மாற வேண்டும். யூனிவர்சலில் இன்னும் ஒரு படி மேலே: பெரும்பாலான வரிசைகளுக்குள்ளேயே ஸ்கூட்டர் போகாது, வாசலிலேயே தள்ளு நாற்காலி தருவார்கள்.

அதாவது காசு கொடுத்து ஸ்கூட்டர் எடுத்தாலும் ரைடுக்கு ரைடு வீல்சேரில்தான் உட்காரப் போகிறோம். அதுவும் பழக்கமில்லாத, மெத்தை இல்லாத நாற்காலி. மாறுவது என்றால் எழுந்து, நின்று, திரும்பி, உட்காருவது. தேய்ந்த முழங்காலுக்கு நடப்பதைவிட அதுதான் வேதனை. ரைடு முடிந்ததும் மறுபடி அதே. முதல் நாள் மதியத்துக்குள் நான்கு தடவை ஆகிவிட்டது. ஐந்தாவதற்கு அத்தை "நீங்க போய்ட்டு வாங்க, நான் நிழல்ல இருக்கேன்" என்றார். மறுநாள் வீட்டு வீல்சேர், அவர் பழகிய ஸ்பாஞ்சு மெத்தை. சஃபாரியில் அதை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாய்தளத்தில் ஏற்றி, சக்கரத்தைப் பூட்டினார்கள், ஒட்டகச்சிவிங்கியை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்.

ஒன்றை எதிர்பார்த்துப் போங்கள். வீல்சேர் ஏறக்கூடிய படகோ வண்டியோ சில ரைடுகளில் கொஞ்சம்தான் இருக்கும். வரிசை முடிந்த பிறகும் அது சுற்றி வரும்வரை நிற்க வேண்டும். ஒரு படகுத்துறையில் என் மகள் எண்ணிக்கொண்டிருந்தாள், எங்களை விட்டுவிட்டு ஏழு படகு போனது.

வீல்சேருக்கு எதிரான ஒரே வாதம், தள்ள ஆள் வேண்டும். ஜூன் மாத ஃப்ளோரிடா வெயிலில், எப்காட் பாலங்களின் ஏற்றத்தில், என் கணவரின் சட்டை பிழியும்படி நனைந்தது. மேஜிக் கிங்டம் பூங்காவுக்குள் நுழைந்ததும் மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை வண்டித் தண்டவாளம் பதித்திருக்கும்; நான் தள்ளும்போது சின்ன முன்சக்கரம் அதில் மாட்டி அத்தை முன்னால் சரிந்துவிட்டார். தண்டவாளத்தைக் குறுக்காக, செங்கோணத்தில்தான் கடக்க வேண்டும். இன்னொன்று, பின்கைப்பிடியில் கனமான பையை மாட்டாதீர்கள். உட்கார்ந்தவர் எழுந்த நொடி நாற்காலி மல்லாந்துவிடும்.

ஸ்கூட்டரை நாங்கள் ஓட்டியது ஒரே நாள், யூனிவர்சலில் இருந்தது அரை நாள். தனியாகப் போகிறவர், தள்ள யாருமில்லாத இரண்டு முதியவர்கள் என்றால் ஸ்கூட்டரைத் தவிர வழியில்லை. சொந்தமாக மோட்டாரில் ஓடும் பவர் வீல்சேர் வைத்திருப்பவர்கள் கதை வேறு, அதற்கு என் அனுபவம் உதவாது. ரைடுகளில் அவ்வளவாக ஏறாமல் சுற்றிப் பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றாலும் நான் மேலே எழுதியதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதிலிருந்து அத்தை தினமும் கும்பகோணத்துக்குப் போன் போடுகிறார். பேச்சு முழுக்க, தான் எப்காட்டில் வண்டி ஓட்டிய கதைதான். மூன்று நாள் தள்ளியவரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.