'இலவசத் தண்ணீர் சோதனை' என்று வீடு தேடி வருபவர்களை நம்ப வேண்டாம்

கிணற்று நீரைக் குடிப்பவர்கள், குறிப்பாகக் கைக்குழந்தை இருக்கும் வீட்டார், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆள், இலவசமாகச் சோதித்துத் தருவதாகச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கண்ணாடிக் குவளையில் எங்கள் கிணற்று நீர், இன்னொன்றில் அவர் பையிலிருந்து எடுத்த பாட்டில் நீர். அது அவர்களுடைய கருவியில் சுத்திகரித்ததாம். இரும்புக் கம்பிகள் பொருத்திய சிறிய பெட்டியை இரண்டிலும் வைத்து மின்சாரம் செலுத்தினார். சற்று நேரத்தில் எங்கள் நீரில் துருநிறக் கசடு திரண்டது. அவருடைய நீர் தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் தினமும் குடிக்கிறீர்கள் அம்மா" என்றார். என் மாமியார் பதறிப்போய்விட்டார். அன்றே கருவி வீட்டுக்கு வந்தது.

அந்தக் கசடு எங்கள் கிணற்றிலிருந்து வந்ததல்ல, அவருடைய கம்பி கரைந்து வந்தது. நீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு அரித்துக் கரையும். உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. அவருடைய பாட்டில் நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் அப்படித்தான் ஆகியிருக்கும். வேதியியல் ஆசிரியையான என் நாத்தனார் இதைக் கேட்டவுடனே சொல்லிவிட்டார்.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது: "நைட்ரேட் பார்த்தார்களா?" அந்த ஆள் தந்த அறிக்கையில் அமில காரத்தன்மை, கடினத்தன்மை, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருட்களின் மொத்த அளவு) தவிர எதுவும் இல்லை. கீழே 'சுத்திகரித்தபின் குடிக்க உகந்தது' என்று முத்திரை மட்டும் பெரிதாக இருந்தது.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 92 மில்லிகிராம். கருவியிலிருந்து வந்த நீரில் 91. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு 50. எங்களுக்கு விற்றதில் இருந்தவை கார்பன் வடிகட்டியும் புற ஊதா விளக்கும்தான். விளக்கு கிருமிகளைக் கொல்லும், கார்பன் குளோரினையும் நாற்றத்தையும் பிடிக்கும். நைட்ரேட் இரண்டையும் கடந்து அப்படியே வந்துவிடும்.

உரமிட்ட நிலத்திலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் கசிந்து வரும் நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடும். உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடும். அந்த நீரைக் கொதிக்க வைத்துத்தான் எங்கள் குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக்கொண்டிருந்தோம்! மருத்துவர் பரிசோதித்து, பாதிப்பில்லை என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

நிறுவனத்தைக் கேட்டால், "கருவி பழுதில்லாமல் ஓடுகிறதே, பணத்தைத் திருப்பித் தர முடியாது" என்கிறார்கள். நைட்ரேட் நீங்கும் என்று எழுத்தில் எங்கும் சொல்லவில்லையாம்.

டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள். அது மின்கடத்துதிறனை மட்டுமே அளக்கும். ஆர்சனிக்கின் வரம்பு லிட்டருக்கு வெறும் 10 மைக்ரோகிராம். அந்த அளவு அதன் கண்ணில் படாது. நைட்ரேட், புளோரைடு, ஆர்சனிக், ஈயம் என்று பெயர் சொல்லிச் சோதனை கேளுங்கள். அருகில் பெட்ரோல் நிலையமோ தொழிற்சாலையோ இருந்தால் பென்சீனையும் கரைப்பான்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். மாதிரி எடுக்கும் பாட்டிலை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள்.

முடிவு கையில் வந்தபிறகே கருவி பாருங்கள். எந்த வேதிப்பொருளை எவ்வளவு குறைக்கும் என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.