ஒரு மெகாபைட் கோப்பும் 380 ஜிகாபைட் தரவுத்தளமும்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2017 முதல் எங்கள் மின்னஞ்சல் முழுவதும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016 என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் ஓடியது. 140 பேரின் அஞ்சல் பெட்டிகள், எல்லாம் ஒரே தரவுத்தளத்தில். அதன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அந்த மதிப்பு வந்தது 2022 ஜூலையில், ஒரு சனிக்கிழமை இரவில்.

மாதாந்திரப் பராமரிப்பு நடந்துகொண்டிருந்தது. விண்டோஸ் அப்டேட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. ஆன்டிவைரஸையும் அன்றுதான் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். நல்ல மழை. மின்சாரம் போனது. யூபிஎஸ் பேட்டரிகளை மாற்றவேண்டிய காலம் கடந்திருந்ததால், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சர்வர் அணைந்துவிட்டது. மீண்டும் எழுந்தபோது மற்றதெல்லாம் வந்தது, தரவுத்தளம் மட்டும் மவுண்ட் ஆகவில்லை, அதாவது பயன்பாட்டுக்குத் திறக்கவில்லை.

எக்ஸ்சேஞ்ச் பழைய மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை போல வேலை செய்கிறது. வரவு செலவை முதலில் நாளேட்டில் எழுதிவிடும். பேரேட்டில் பிறகு ஏற்றும். நாளேடு என்பது லாக் கோப்புகள், ஒவ்வொன்றும் சரியாக 1 மெகாபைட். பேரேடு என்பது இடிபி கோப்பு, அதாவது தரவுத்தளம். பாதியில் நின்றுபோனால் பேரேடு சில பக்கங்கள் பின்தங்கியிருக்கும். வழக்கமாக மவுண்ட் செய்யும்போதே எக்ஸ்சேஞ்ச் நாளேட்டைப் படித்து விட்டதை ஏற்றிக்கொள்ளும். அன்று அது நடக்கவில்லை.

மணி பன்னிரண்டு. ஓசூரில் இருக்கும் என் மூத்த சக ஊழியரை எழுப்பினேன். தரவுத்தளத்தைச் சோதிக்கவும் சரிசெய்யவும் எக்ஸ்சேஞ்சுடன் வரும் இஎஸ்இயூடில் கருவியின் ரிப்பேர் கட்டளையைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அதைத் தொடாதே தம்பி. முதலில் கோப்புகளைப் பிரதி எடு. பிறகு ஹெட்டரைப் படித்துச் சொல்" என்றார். அண்ணன் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. ரிப்பேர் என்ற பெயர் ஏமாற்றும். அது லாக் கோப்புகளைப் பார்ப்பதே இல்லை. படிக்க முடியாத பக்கங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒட்டும். அதன்பின் எல்லாப் பெட்டிகளையும் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றியாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

இடிபி, லாக் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு தரவுத்தளத்தின் நிலையைச் சொல்லும் முகப்புப் பகுதியான ஹெட்டரைப் படித்தேன். நிலை: 'டர்ட்டி ஷட்டவுன்', அதாவது முறையாக மூடப்படவில்லை. தேவையான லாக்: 83456 முதல் 83471 வரை, பக்கத்திலேயே பதினாறின் அடிமானத்தில் (9-க்குப் பின் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும் எண்முறை) 14600 முதல் 1460எஃப் வரை. கோப்புகளின் பெயர்கள் இந்தப் பதினாறடிமான எண்ணில்தான் முடியும். அந்தப் பதினாறு பெயர்களையும் தாளில் எழுதி, கோப்புறையோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தேன். 14609 இருந்தது. அடுத்தது 1460பி. நடுவில் 1460ஏ இல்லை. நிகழ்வுப் பதிவில் நின்ற மைனஸ் 528 என்ற பிழை எண்ணின் பொருளும் அதுவே: லாக் கோப்பைக் காணவில்லை.

எங்கே போயிற்று? ஆன்டிவைரஸின் தனிமைப்படுத்தும் பெட்டியில் கிடந்தது. எக்ஸ்சேஞ்சின் கோப்புறைகளைச் சோதிக்காதே என்று நான் கொடுத்திருந்த விலக்குகள் புதுப் பதிப்பு ஏறியபோது அழிந்திருந்தன. நான் அதைச் சரிபார்க்கவில்லை. கோப்பை மீட்டு இடத்தில் வைத்து, லாக்குகளின் வரிசையைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டினேன். குறை எதுவும் சொல்லவில்லை. பிறகு லாக்குகளைப் படித்து விட்டதை ஏற்றும் ரெக்கவரி கட்டளை, ரிப்பேர் அல்ல. சில நிமிடங்களில் முடிந்தது. ஹெட்டரில் 'க்ளீன் ஷட்டவுன்', தேவையான லாக் 0-0, அதாவது இனி எந்த லாக்கும் தேவையில்லை. அந்த வரியைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்தபோது வெளியே விடிந்திருந்தது. ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை.

அன்று முதல் இன்றுவரை சில பழக்கங்களை விட்டதில்லை. பராமரிப்பு தொடங்குமுன் தரவுத்தளத்தை டிஸ்மவுண்ட் செய்து, ஹெட்டரைப் படித்துத் தாளில் குறித்துக்கொள்வேன். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்பட்டதும் விலக்குகளைக் கண்ணால் பார்ப்பேன். பேட்டரி மட்டம் இறங்கினால் யூபிஎஸ்ஸே சர்வரை முறையாக அணைக்கும்படி அமைத்துவிட்டோம். இடம் மிச்சமாகும் என்று, பேரேட்டில் ஏறிய லாக்குகளை நீக்கிவிடும் சுழற்சி லாக் முறையைப் போடச் சொன்னவர்கள் உண்டு, நான் போடவில்லை. பேக்கப்பிலிருந்து மீட்டால், அதற்குப்பின் வந்த அஞ்சல்களை ஏற்ற அந்த லாக்குகளைத் தவிர வேறு வழி கிடையாது. இரவு பேக்கப் சரியாக முடிந்தால் பழைய லாக்குகள் தாமே நீங்கிவிடும். நீங்காமல் குவிந்தால் அன்று பேக்கப் எங்கோ தவறியிருக்கிறது என்று காலையிலேயே தெரிந்துவிடுகிறது.

2016 பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எக்ஸ்சேஞ்சின் புதிய பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு அதிலிருந்து நேராக மேம்படுத்த முடியாது. புதிய சர்வர் நிறுவிப் பெட்டிகளை நகர்த்தவேண்டும். நாங்கள் இரவுக்குப் பத்துப் பெட்டிகளாக நகர்த்தினோம். கடைசிப் பெட்டி போன இரவிலும் பழைய தரவுத்தளத்தை டிஸ்மவுண்ட் செய்து ஹெட்டரைப் படித்தேன். 'க்ளீன் ஷட்டவுன்', 0-0. நேரத்தோடு குறித்துவைத்தேன்.