304 எவர்சில்வர் என்று நம்பி ஏமாந்தேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்

304 என்ற தரத்து எவர்சில்வர் என்று நம்பிச் சமையல் பாத்திரம் வாங்கியதில் அரை மாதச் சம்பளம் போயிற்று. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று வாங்கிய தளத்திலிருந்து இன்று காலைதான் பதில் வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. உடம்புக்குள் போகும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது ஓய்ந்தால் எலும்பிலும் மூளையிலும் தங்கிவிடும். அலுமினியம் எல்லோருக்கும் விஷம் என்று சொல்ல வரவில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம் வரை உடம்பு தாங்கும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐநா உணவு அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011இல் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அம்மா விஷயத்தில் துணிய மனம் வரவில்லை. பழைய அலுமினியப் பாத்திரங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு இணையச் சந்தையில் ஐந்து பாத்திரம் கொண்ட எவர்சில்வர் செட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்டேன், அம்மாவின் நோயையும் சொல்லித்தான் கேட்டேன். "கவலையே வேண்டாம் அக்கா, முழுக்க 304. காந்தம் வைத்துப் பாருங்க, ஒட்டாது. என் அம்மாவுக்கும் இதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கேன்." அந்தக் கடைசி வரியில் விழுந்துவிட்டேன். செட் வந்ததும் காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. தூக்கினால் லேசாக இருந்தது. அம்மாவால் தூக்க முடிகிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

மூன்றாவது வாரம். புளிப்பாக ஒன்றைச் சமைத்து ராத்திரி முழுக்க அதிலேயே விட்டிருந்தேன். காலையில் கழுவிவிட்டு வெள்ளைத் துணியால் துடைத்தால், துணியில் கருஞ்சாம்பல் நிறத்தில் மை மாதிரி அப்பியிருந்தது. திரும்பத் துடைத்தேன், திரும்பவும் வந்தது.

செட்டில் இருந்த சின்னக் கிண்ணத்தைத் தராசில் வைத்தேன்: 216 கிராம். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் அதை முழுக்க அமுக்கி, வழிந்த தண்ணீரை அளந்தேன்: 80 மில்லி. வகுத்தால் 2.7. அது அலுமினியத்தின் அடர்த்தி. எவர்சில்வராக இருந்தால் அதே கிண்ணம் 600 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். காந்தம் 304இல் ஒட்டாது, சரி. அலுமினியத்திலும்தான் ஒட்டாது! தெரிந்தே சொல்லியிருக்கிறார்.

அந்த இணையச் சந்தையிடம் புகார் செய்தேன். அப்புறம் நடந்தது இன்னும் கேவலம். முதலில், "அது அழுக்கு, வினிகர் ஊற்றித் தேயுங்கள்" என்றார்கள். அலுமினியத்தை அரிப்பதே புளிப்புதானே! அடுத்து, படம் அனுப்பச் சொல்லி மூன்று முறை. அப்புறம், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதாம். கடைசியில், "நாங்கள் தளம் மட்டுமே, விற்பவரிடம் பேசுங்கள்." விற்பவர் பதிலே தருவதில்லை. நேற்று பார்த்தால் அவர் விற்பனைப் பக்கத்தில் 'எவர்சில்வர்' என்று இருந்தது 'எவர்சில்வர் ஃபினிஷ்' என்று, அதாவது பார்வைக்கு மட்டும் எவர்சில்வர் என்று, மாறியிருக்கிறது. அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பணத்தைவிட அந்த மூன்று வாரம்தான் வயிற்றைப் பிசைகிறது. சில அலுமினியக் கலவைப் பாத்திரங்களிலிருந்து ஈயம் உணவில் இறங்குவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தது. என் கையில் இருப்பது என்ன கலவை என்று யாரிடம் கேட்பேன்?

நிதானமாக நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். எடையைப் பாருங்கள். பெட்டி திறப்பதைப் படம் பிடியுங்கள், விற்பனைப் பக்கத்தையும் அன்றே படமெடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.