டென்ஸ் மெஷின் வாங்கும் முன் அம்மாவின் உள்ளங்காலைப் பற்றிக் கேளுங்கள்

சித்திரை மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ‘இலவச மூட்டுவலி முகாம்’ என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பதினைந்து வருஷமாக சுகர். பக்கத்து வீட்டு அக்காவோடு போனவர், 4,800 ரூபாய் கொடுத்து ஒரு டென்ஸ் மெஷினோடு திரும்பி வந்தார். ஒயரில் கோத்த, பசையுள்ள பேடுகளைத் தோலில் ஒட்டி, லேசான கரண்ட் கொடுத்து வலியைக் குறைக்கிற சின்னக் கருவி அது.

விற்றவர் சொன்னது இது: “கால் நரம்பெல்லாம் உள்ளங்காலில்தான் வந்து முடியுதும்மா. அங்கே ஒட்டுங்க. ஜவ்வு திரும்ப வளரும், சுகரும் இறங்கும்.” கரண்ட் உறைக்கும்வரை கூட்டச் சொன்னாராம். சுகர் இருக்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா என்று வரிசையில் நின்ற யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாவுக்கு உள்ளங்கால் மரத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. செருப்பு கழன்றுகொண்டால்கூடத் தெரியாது. உறைக்கவில்லையே என்று தினமும் கூட்டிக் கூட்டி, கடைசியில் முழு அளவில் வைத்துவிட்டு டிவி பார்த்திருக்கிறார். ஒன்பதாம் நாள் கூடத்துத் தரையில் ஈரத் தடம் தெரிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், பேட் ஒட்டிய இடத்தில் கொப்புளம் உடைந்து நீர் கசிகிறது. அம்மாவுக்கு வலியே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பேடைத் திருப்பிப் பார்த்தேன். ஜெல் காய்ந்து, ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் பசை இருந்தது. மொத்தக் கரண்டும் அந்தச் சின்ன இடத்திலேயே இறங்கியிருக்கிறது.

டாக்டரிடம் காட்டிக் கட்டுப் போட்ட பிறகு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தோம். முதலில் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் குச்சி முனையாலும் தொட்டு, எங்கே உணர்ச்சி இருக்கிறது என்று பார்த்தார். மரத்த தோலில் பேட் ஒட்டவே கூடாது என்றார். முழங்காலுக்கு நாலு பேட்: மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒரு ஒயரின் இரண்டு முனையும் எதிரெதிர் மூலையில் வர வேண்டும், வலிக்கிற இடம் நடுவில் இருக்க வேண்டும். ஒன்றையொன்று தொடக் கூடாது. எறும்பு ஊர்வது மாதிரி நன்றாகத் தெரிந்தால் போதும், சுரீர் என்று இழுக்கக் கூடாது.

தேய்ந்த ஜவ்வு இதனால் வளராது. அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. தொடு உணர்வு தண்டுவடத்தில் வலிக்கு வழி அடைக்கிறது என்று மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965இல் சொன்ன விளக்கம்தான் இதற்கு அடிப்படை. உணர்ச்சியே இல்லாத காலில் எது வழி அடைக்கும்?

இன்னும் சிலவற்றையும் அழுத்திச் சொன்னார். கழுத்தின் முன்பக்கம் ஒட்டக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம். நெஞ்சுக்குக் குறுக்கே கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றில் கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

விற்றவர் கொடுத்த நம்பர் அணைந்தே கிடக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். புண் ஆற ஆறு வாரம் ஆனது. நேற்று அதே ஆட்டோ, அதே அறிவிப்போடு பக்கத்து ஊரில் போனதாகத் தங்கை போன் பண்ணினாள். உங்கள் தெருவுக்கு வந்தால், வீட்டுப் பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்.