இசையமைப்பாளருக்கு எந்தக் கோப்பு: எச்.264-ஆ, புரோரெஸ் பிராக்ஸியா?

பின்னணி இசைக்காகப் படத்தின் ஒரு ரீலை, அதாவது ஒரு பகுதியை, அனுப்பும்போது பலரும் எச்.264 என்ற, அளவைச் சுருக்கும் வீடியோ வடிவத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 20 நிமிட ரீல் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். சுமாரான இணையத்திலும் விரைவில் போய்ச் சேரும். அதன் நன்மை அத்துடன் சரி. அதில் பெரும்பாலான ஃபிரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) அக்கம்பக்கத்து ஃபிரேம்களைச் சார்ந்தே சேமிக்கப்படுகின்றன. கதவு அறைந்து சாத்தப்படும் அந்த ஒரு ஃபிரேமைத் தேடி இசையமைப்பாளர் முன்னும் பின்னும் நகர்த்தும்போது மென்பொருள் திணறுகிறது. பிடிபடவிருந்த மெட்டு கைநழுவிப் போகிறது.

படத்தொகுப்பில் பயன்படும் வீடியோ வடிவமான புரோரெஸ் பிராக்ஸியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும். நிறுத்திய இடத்தில் படம் உடனே நிற்கும். அதே ரீல் 1080 அளவில் ஐந்து ஜிபியைத் தாண்டும்தான். தாண்டட்டும், இரவில் பதிவேற்றிவிடலாம். படத்தொகுப்பு இன்னும் மாறிக்கொண்டிருந்தால் எச்.264 போதும், முடிவான பிறகு புரோரெஸையே அனுப்புங்கள்.

எதுவானாலும் திரையில் டைம்கோடு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் காட்டும் எண், தெரிய வேண்டும். வசனம் இடது தடத்திலும் தற்காலிக இசை (படத்தொகுப்பின்போது மாதிரிக்குச் சேர்த்த இசை) வலது தடத்திலும் இருந்தால், அந்த இசையை மட்டும் இசையமைப்பாளர் அணைத்துக்கொள்ளலாம். திரும்பி வரும் இசையை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாகக் கேளுங்கள். எம்பி3 தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும், ஒத்திசைவு நழுவும்.