கோர்ஸா, அப்ரண்டிஸா? இரண்டுக்கும் போய் வந்தவன் கணக்கு

அக்கா மகன் இந்த வருஷம் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். கேம்பஸுக்கு வந்த இரண்டு கம்பெனியிலும் கடைசி ரவுண்டு வரை போய்த் திரும்பிவிட்டான். இப்போது அவன் முன்னால் இரண்டு வழி. ஒன்று, சென்னையில் மிஷின் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுத்தரும் ஐந்து மாத டிசைன் கோர்ஸ். கட்டணம் 48,000 ரூபாய், முடித்தால் வேலை என்று சொல்கிறார்கள். இன்னொன்று, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருஷம் கிராஜுவேட் அப்ரண்டிஸ், அதாவது பட்டதாரிகள் வேலை பழகும் பயிற்சி. மாதம் 12,000 ரூபாய் உதவித்தொகை. "மாமா, எதுக்குப் போகட்டும்?" என்று போனில் கேட்டான்.

நான் 2022-இல் முடித்தவன். முதலில் கோர்ஸுக்குப் போனேன், அது கைகொடுக்காமல் பிறகு அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். அதனால் நடுநிலையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். நான் அப்ரண்டிஸ் கட்சி.

பணக்கணக்கை நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒன்றில் நாம் கொடுக்கிறோம், இன்னொன்றில் நமக்குக் கொடுக்கிறார்கள். நான் சேர்ந்தபோது பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சத் தொகை 9,000 ரூபாய். அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. எனக்குக் கிடைத்ததும் அந்த 9,000-தான். நாலு பேர் சேர்ந்து எடுத்த அறையில் என் பங்கு 2,200. மதியச் சாப்பாடு கேன்டீனில், போக வர கம்பெனி பஸ். வீட்டுக்கு ஒன்றும் அனுப்ப முடியவில்லை, வீட்டிலிருந்து வாங்கவும் இல்லை.

கோர்ஸ் பணத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். "மொத்தமா கட்ட வேண்டாம், மாசாமாசம் கட்டுங்க" என்று நீட்டும் காகிதம் பெரும்பாலும் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் கடன் பத்திரம். இன்ஸ்டிட்யூட் நாளைக்கே ஷட்டரை இறக்கினாலும் தவணை நிற்காது. ஒரு மாதம் விட்டால் சிபில் ஸ்கோரில் விழும். வேலைக்குப் போகும் முன்பே அங்கே கெட்ட பெயர் எடுப்பது பெரிய கொடுமை. வேலை உறுதி என்று சொல்கிறார்களே, அதையும் ரசீதில் தேடிப் பாருங்கள். என் ரசீதில் இருந்த வார்த்தை ‘பிளேஸ்மென்ட் உதவி’. அந்த உதவி எப்படி வந்தது என்றால், நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் நானே பார்த்து வைத்திருந்த வாக்-இன் விவரங்கள் வாட்ஸப் குரூப்பில் மறுபடி வந்தன.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது பணமோ ரசீதோ இல்லை. இன்டர்வியூ மேஜையில் வரும் இரண்டாவது கேள்வி.

கோர்ஸ் முடித்த சூட்டோடு அம்பத்தூரில் ஒரு சின்ன கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். தரக்கட்டுப்பாட்டில் ஒரு இடம். உள்ளே இருந்தவர் ரெஸ்யூமேயைப் பார்க்கக்கூட இல்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு புஷ்ஷையும் (துளையுள்ள சின்ன உலோக உருளை) அதை அளக்க வெர்னியரையும் எடுத்து என் பக்கம் தள்ளினார். "உள் விட்டம் எவ்வளவு, அளந்து சொல்லுங்க தம்பி." அளந்தேன், 20.06 என்றேன். வெர்னியரை வாங்கித் தாடையை மூடி என் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஜீரோவோடு ஜீரோ சேரவில்லை. இரண்டு கோடு தள்ளி நின்றது, அதாவது 0.04. "ஜீரோ பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. "சரி, ட்ராயிங்ல 20 ஹெச்7-னு போட்டிருக்கு. இதை வெர்னியர்ல பார்த்து பாஸ் பண்ணலாமா?" பண்ணலாம் சார் என்றேன். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

20 மில்லிமீட்டர் துளைக்கு ஹெச்7 என்றால் விட்டம் 20.000-க்கும் 20.021-க்கும் இடையில் இருக்க வேண்டும். அவர் தந்த வெர்னியர் காட்டக்கூடிய மிகச் சின்ன அளவே 0.02. மொத்த அனுமதியும் ஒரு கோட்டின் அகலத்துக்குள் அடங்கிவிடும்போது அதை வைத்துப் பாஸா ரிஜெக்டா என்று எப்படிச் சொல்வது? துளைக்குள் விட்டுப் பார்க்கும் பிளக் கேஜ் வேண்டும், இல்லை துளையை நுணுக்கமாக அளக்கும் போர் கேஜ் வேண்டும். இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், அந்த புஷ்ஷை சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேரில் ஐந்து நிமிஷத்தில் வரைந்து காட்டியிருப்பேன். கோர்ஸில் ‘ஹெச்7’ என்று நூறு தடவையாவது டைப் அடித்திருப்பேன்.

இது கோர்ஸின் குற்றம் என்று முழுக்கச் சொல்ல மாட்டேன். அவர்கள் வரையச் சொல்லித் தருவதாகத்தான் சொன்னார்கள், சொல்லித் தந்தார்கள். ஆனால் கோர்ஸ் தயார் செய்வது முதல் கேள்விக்கு மட்டும்தான். டாலரன்ஸ் என்றால் என்ன, ஏழு கியூசி டூல்ஸ் (தரக்கட்டுப்பாட்டு முறைகள்) எவை, பிராஜெக்டில் என்ன செய்தீர்கள்: இதற்கெல்லாம் பதில் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது; எதிரே இருப்பவருக்கும் அது தெரியும். அதனால் அவர் அங்கே நிற்பதில்லை. "அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று ஒரு படி இறங்குவார். அந்தப் படியில் கால் வைக்க, எங்கேயாவது நின்று வேலை பார்த்திருக்க வேண்டும்.

அப்ரண்டிஸ் வருஷத்தில் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. முதல் இரண்டு மாதம் ரிஜெக்ட் பீஸுக்குச் சிவப்பு டேக் கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் ஒரு சிஎன்சி டர்னிங் மிஷின் பக்கம் விட்டார்கள். காலை ஆறு மணி ஷிஃப்டில் முதல் பத்துப் பன்னிரண்டு பீஸ் ஒரு அளவில் வரும், ஏழரை மணிக்கு மேல் வேறு அளவு. ஆபரேட்டர் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டைக் கூட்டுவார், குறைப்பார். எதனால் என்று, மிஷினைத் தயார் செய்து தரும் செட்டர் அண்ணனுக்கு ஏற்கெனவே தெரியும். "ராத்திரி பூரா சில்லுனு கெடந்த மிஷின் தம்பி, சூடு ஏற ஏற நகரும்" என்றார். என் வேலை, ஒரு வாரம் ஒவ்வொரு பீஸையும் அளந்து மணியோடு கிராஃப் தாளில் புள்ளி வைத்தது மட்டும்தான். அந்தத் தாளைக் காட்டித்தான் அண்ணன் மேலதிகாரிகளிடம் பேசினார். பிறகு காலையில் கால் மணி நேரம் பீஸைச் சுழற்றும் ஸ்பிண்டிலை வெறுமனே ஓடவிட்டு, அதன் பிறகு பீஸ் போட ஆரம்பித்தார்கள்.

அடுத்த இன்டர்வியூவில் இதைத்தான் சொன்னேன். "நீங்க கண்டுபிடிச்சதா?" என்று இன்டர்வியூ எடுத்தவர் கேட்டார். இல்லை சார், செட்டர் கண்டுபிடித்தது, நான் அளந்தேன் என்றேன். எத்தனை பீஸ், எந்த கேஜ், அந்த கேஜை எப்போது காலிபரேட் செய்து சரிபார்த்தார்கள், வார்ம்-அப் போட்டதும் எத்தனையாவது பீஸிலிருந்து நிலையாக வந்தது என்று இருபது நிமிஷம் கேட்டுக்கொண்டே போனார். ஒன்றையும் மனப்பாடம் செய்து போகவில்லை. நடந்ததைச் சொல்ல மனப்பாடம் எதற்கு? இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

இனி அப்ரண்டிஸின் ஓட்டைகள். முடித்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை, என்னையும் எடுக்கவில்லை. அந்த ஒரு வருஷத்துக்கு பிஎஃப் பிடிக்க மாட்டார்கள். அதனால் சில ஹெச்ஆர் அதை அனுபவம் என்று ஒப்புக்கொள்வதில்லை, ‘ஃப்ரெஷர்’ கட்டத்திலேயே போடுகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒருமுறை முடித்துவிட்டால் மறுபடி அப்ரண்டிஸாகச் சேர முடியாது. ஆள் பற்றாக்குறைக்கு அசெம்பிளி லைனில் நிறுத்தி வருஷம் முழுக்கப் போல்ட் முடுக்கவிட்ட இடங்களும் உண்டு. என் அறை நண்பன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. அதனால் சேரும் முன்பே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் அப்ரண்டிஸ் தளமான நாட்ஸ் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகுமா? எந்த டிபார்ட்மென்ட்? முதலாவதற்கு மழுப்பினால் அது அப்ரண்டிஸ் இல்லை, குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பது. போர்ட்டலில் பதிவு செய்யக் காசு கிடையாது. யாராவது கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

மார்க் நன்றாக இருப்பவர்கள் தனியாரோடு நிற்க வேண்டாம். நெய்வேலி என்எல்சி, திருச்சி பெல் (பிஹெச்இஎல்), அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் பட்டதாரி அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. நான் அங்கே இருந்ததில்லை. ஆனால் சான்றிதழில் அந்தப் பெயர் இருந்தால் ஷார்ட்லிஸ்டில் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கோர்ஸ் யாருக்குச் சரி? டிசைன் வேலைக்குத்தான் போவேன் என்று தெளிவாக இருப்பவனுக்கு. என்னோடு படித்த ஒருவன் வகுப்பு முடிந்து அறைக்கு வந்ததும், பழைய இரும்புக் கடையில் வாங்கிய கியர் பாக்ஸைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாக அளந்து வரைந்துகொண்டிருப்பான். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைனில் இருக்கிறான். அவனுக்கு வேலை வாங்கித் தந்தது கோர்ஸா கியர் பாக்ஸா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. சாஃப்ட்வேர் கோர்ஸ்களைப் பற்றியும் நான் பேசுவது சரியில்லை. அந்தப் பக்கம் கதை வேறு மாதிரி என்று தங்கை சொல்கிறாள்.

அக்கா மகனிடம் கோர்ஸுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரகடத்தில் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டு, அதை மெயிலில் வாங்கி வைக்கச் சொல்லி மூன்று நாள் ஆகிறது. ஹெச்ஆரைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறதாம் அவனுக்கு.